ஒப்பாரியும் கழுத்துப்பட்டையும்

அப்பா அப்போதுதான் போயிருந்தார். கோமளா அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து சினிமா மெட்டில் ஒப்பாரி வைத்தாள். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். முதல் வரியிலேயே, சட்டப்படி எல்லார் கழுத்திலும் மாட்டியிருக்கும் அந்தச் சனியன் பிடித்த பட்டை அவளுக்கு ஷாக் அடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்; வாயெல்லாம் ரத்தம்.

“சினிமா கம்பெனிகிட்ட அனுமதி வாங்காத பாட்டு அக்கா இது. வேற மெட்டுல பாடேன்,” என்று கெஞ்சினேன்.

“அப்பாவுக்குப் பிடிச்சது இதான்டா!”

அப்பா முகத்தோடு முகம் வைத்துக் கத்திப் பாடினாள். அவர் பட்டையைக் கழற்ற மறந்திருந்தோம். அவரே பாடுகிறார் என்று அதுவும் ஷாக் அடித்தது. பிணம் விலுக்கென்று துள்ளியது. கழுத்துத் தோல் கருகி நாறியது.

அக்கா பயந்துபோய் நிறுத்தினாள்.

அம்மா அவள் கூந்தலைப் பிடித்து உலுக்கினாள். “நிறுத்தாதடி! பாடு! அவருக்கு உசிரு இருக்குடி!”