பெட்டியில் தூங்காத மாலை

“பொன்னி, பிரேம்நாத், அலமு, நிக்கத்தம்மா, அப்புறம் நான். ஆக மொத்தம் அஞ்சு பேரு. இங்க பேசறது ஆறாவது காதுக்குப் போவக்கூடாது” என்றார் கோதண்டபாணி.

நிக்கத் கடைக் கதவைப் பாதி சாத்தினாள். முத்துக் கோப்பதும் பட்டுநூலில் நகை கட்டுவதும் அவள் குடும்பத்துக்குத் தலைமுறைத் தொழில்.

“ஆறாவது காது கெடக்கட்டும் தலைவரே. மொதல்ல அந்தக் கழுத்துப் பட்டனைக் கழட்டுங்க. இந்தச் சித்திரை வெயில்ல பாக்கற எனக்கே மூச்சு முட்டுது.”

ஐயம்பேட்டைக்குப் பத்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தவர் அவர். பதவி போனபிறகும் முதுகு வளையவில்லை. பட்டனும் அவிழவில்லை.

“கௌரவமான மனுஷன் இப்படித்தாம்மா இருப்பான்” என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் பொன்னிக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்று அவள் கண்ணெல்லாம் மாமனார் கோதண்டபாணி மேசைமேல் வைத்த சந்தனப் பெட்டியின் மேலேயே இருந்தது. உள்ளே மாமியார் அங்கம்மாளின் முத்துமாலை. எட்டு வருடம் முன்பு, அங்கம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, “இனிமே இதை யாரும் போடக்கூடாது” என்று சொல்லிக் கோதண்டபாணிதான் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி இரண்டு. ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று பொன்னியிடம்.

போன வாரம் அவர் தங்கை அலமு சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மாலையைப் பார்க்க வேண்டும் என்றாள். பொன்னி பெட்டியைத் திறந்தாள். காலி! சாயங்காலம் மறுபடி திறந்து பார்த்தால் மாலை உள்ளே இருக்கிறது. போதாதா? பொன்னி திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு திரிகிறாள், நல்ல முத்தை உருவிவிட்டுப் போலியைக் கோத்துவிட்டாள் என்று ஷேர் ஆட்டோ வரைக்கும் பேச்சு ஏறிவிட்டது.

“போலியா இல்லியான்னு மட்டும் சொல்லும்மா. மத்தது எதுவும் வேணாம்” என்றார் கோதண்டபாணி.

நிக்கத் ஒரு முத்தை முன்பல்லில் மெல்ல உரசினாள். “நறநறன்னு இருக்குது. போலின்னா வழுக்கும். எல்லாம் அசல்தான்.”

“அப்ப முடிஞ்சுது. கெளம்புங்க.” பெரியவர் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

“உக்காருங்க தலைவரே, என்னா அவசரம்?” நிக்கத் மாலையை வெளிச்சத்தில் பிடித்தாள். “இது எட்டு வருஷம் பெட்டியில கெடந்த மாலை இல்ல. பூட்டியே வச்சா முத்து மங்கிப் போவும். இது புதுப்பொண்ணு கன்னம் மாதிரி மின்னுது. தெனம் யாரோ ஒடம்புல போட்டுக்கினு, கழட்டினதும் மெத்துன்னு துணியில தொடச்சு வச்சிருக்காங்க. அத்தர், சென்ட்டு பட்ட தடமே இல்ல. எங்கிட்ட வாங்கறவங்கள்ல ஒருத்தர்கூட இவ்ளோ ஒழுங்கா வச்சுக்கினது கெடையாது.”

“கேட்டியாடா!” அலமு பிரேம்நாத்தின் தோளில் இடித்தாள். “எல்லாம் ஒம் பொண்டாட்டி வேலை.”

“சும்மா இரு அத்தை. செல்போனையே தெனம் எங்கன்னா வச்சுட்டுத் தேடறவ இவ. இவளாவது, தொடச்சு வைக்கிறதாவது!”

புருஷன் தனக்காகப் பேசுகிறானா, மானத்தை வாங்குகிறானா என்று பொன்னிக்குப் புரியவில்லை.

“முடிச்சுக்குள்ள மட்டும் வெள்ளையா ஏதோ பொடி ஒட்டிக்கினு இருக்குது” என்றாள் நிக்கத்.

“பவுடரு! இவ டப்பா டப்பாவா கொட்டிக்கிறாளே!” என்றாள் அலமு.

நிக்கத் மோந்து பார்த்தாள். “பவுடர் வாசனை இல்லியே. எந்தப் பொடியா இருந்தாலும் ஆவாதும்மா, முத்தைத் தேச்சுடும். எங்க பொன்னி, போட்டுக் காட்டு.”

பொன்னி கைகளைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோனாள். பழைய காலத்துக் கொக்கி. எங்கே நுழைப்பது, எங்கே இழுப்பது, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை மாலை வழுக்கி மடியில் விழுந்தது.

“என்னா நடிப்பு!” என்றாள் அலமு. “நாளைக்குக் காமாட்சியம்மன் சன்னதியில சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். அடுத்த மாசம் எம் பொண்ணுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டு ஜனம் முன்னாடி, திருடின்னு பேர் வாங்கினவளை எப்படி நிக்க வைக்கிறது?”

சூடம் அணைத்தவள் என்ற பேர், சத்தியம் உண்மையாக இருந்தாலும் ஊரில் அழியாது. அது பொன்னிக்குத் தெரியும்.

“பண்றேன் அத்தை” என்றாள்.

கோதண்டபாணி எழுந்தார். இந்த முறை வாசல் பக்கம் திரும்பவில்லை. முதலில் கழுத்துப் பட்டன், பிறகு அதற்கடுத்தது. காலையில் பூசிய விபூதி மார்பில் மூன்று பட்டையாகத் தெரிந்தது. மருமகளின் மடியிலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், கண்ணாடியைப் பார்க்காமலே கொக்கியை ஒரு திருப்புத் திருப்பி அழுத்தினார்.

டக்.

“அந்தப் பொடி விபூதிதானா! தொடச்சுட்டுப் போடுங்க தலைவரே” என்றாள் நிக்கத், வாயைப் பொத்திக்கொண்டு.

“பூட்டி வச்சா முத்து செத்துடும்னு சொல்லிட்டுப் போனா அங்கம்மா.” அவர் மேல் பட்டன் வரை நிதானமாக மாட்டிக்கொண்டு, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். “ஆறாவது காது, அறுநூறாவது காது, எல்லாத்துக்கும் நீயே போய்ச் சொல்லு அலமு. மாலையைப் போட்டது பொன்னி இல்ல. எட்டு வருஷமா நான்தான் போட்டுக்கினு இருக்கேன்.”