அத்தையின் காது

“அடுப்படியில நான் எங்க அக்காகிட்ட போன்ல பேசுனதை ஒங்க ஆத்தாகிட்டச் சொன்னது யாரு?” என்று மெர்லின் கத்தினாள்.

“மாதா சத்தியமா நான் இல்லடி!” என்றான் ரூபன்.

“பெறகு? பக்கத்துல நின்னு கத்துனாலே கேக்காத அத்தைக்கு, கொல்லையில இருந்தே கேட்டுச்சாக்கும்! நான் கடமலைக்குண்டுக்கு எங்க அம்மா வீட்டுக்கே போறேன்.”

பையைக் கட்டிவிட்டாள். ஆனாலும் உடைத்த தேங்காய் வீணாகக் கூடாதே என்று சட்னிக்கு மிக்ஸியைத் திருகினாள். உடனே கொல்லையில் மாமியார் சவரியம்மாள், “ஐயோ, காது போச்சே!” என்று அலறி, புதுக் காது மெஷினைப் பிடுங்கி எறிந்தார்.

மிக்ஸிக்குப் பின்னால் அவருடைய செல்போன் ஒளிந்திருந்தது. டிவி பக்கத்தில் போனை வைத்தால் சத்தம் காதுக்கே வந்துவிடும் என்று, போனையும் காது மெஷினையும் இணைத்துக் கொடுத்தவன் ரூபனேதான்.

இப்போது ரூபனும் மெர்லினும் கம்பத்தில் தனிக்குடித்தனம். சவரியம்மாள்தான் பாவம், அடிக்கடி போனைப் பக்கத்து வீட்டு ஜன்னலில் மறந்து வைத்துவிடுகிறார்.