ஒரு டம்ளர் தண்ணீர்

டான்சில் எடுத்த ஏழாம் நாள், கபடி டீச்சர் எஸ்தர் இறுதிப் போட்டிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். எச்சில் விழுங்கினாலே காதுவரை குத்தியது. காலையிலிருந்து தண்ணீரைத் தொடவில்லை. "குடிக்காம இருந்தா காஞ்சுபோயி இன்னும்தான் வலிக்கும்னு டாக்டர் சொன்னாருல்லா?" என்று கணவன் ஜெபராஜ் குளிர்ந்த தண்ணீரை நீட்டிக்கொண்டே இருந்தான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கத்தக் கூடாதென்பதும் டாக்டரின் உத்தரவு.

இரண்டு பக்கமும் முப்பத்தொரு புள்ளி. கடைசி ரெய்டு. பாடிப்போன அவள் மாணவி மாரிச்செல்வி எதிரணியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, இன்னொருத்தி அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். குப்புற விழுந்தவளுக்கும் நடுக்கோட்டுக்கும் ஒரு முழம்தான். எஸ்தர் எழுந்து வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஜெபராஜின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மடக் மடக்கென்று குடித்தாள். மாரிச்செல்வி மூச்சை விடாமல் உடம்பை இழுத்து இழுத்து நகர்ந்து, விரல்நுனியால் கோட்டைத் தொட்டாள். விசில் அடித்தது.

"ஜெயிச்சிட்டோம் டீச்சர்!" பிள்ளைகள் ஓடிவந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "ஏ பிள்ளேளா, தொண்டை! தொண்டை பத்திரம்!" என்று ஜெபராஜ் பின்னாலேயே ஓடினான். அங்கே, அத்தனை உயரத்தில்தான் வலி வந்து சேர்ந்தது. எஸ்தருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழாதீய டீச்சர், கப்பு நமக்குத்தான்" என்றாள் மாரிச்செல்வி.

எஸ்தர் சிரித்தாள். அது இன்னும் வலித்தது. நிறுத்த முடியவில்லை.