மூன்றாவது கதவு

வந்த படகிலேயே ஊர் திரும்பிவிடுவது என்று பாதி ஏரியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பழவேற்காட்டுக் கரை நெருங்கியது. ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரர்களின் கோட்டை தெரிந்தது, அதன் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு நீள வீடும் தெரிந்தது. கும்பினிக்காரர் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்லும் துபாஷிகளுக்கு அங்கேதான் படிப்பு. தங்கிப் படிக்க வேண்டும்.

எளாவூர்ப் பக்கம் எங்கள் நெல் வயலை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியறியாதவன் நான். என்னைப் போய் இதில் சேர்க்க நைனாவுக்கு எப்படித்தான் தோன்றியதோ.

படகுக்காரர் கோதண்டம் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். காற்று திரும்பும்வரை நிற்பேன், அதற்குள் யோசித்துக்கொள் என்றார்.

யோசிக்க ஒன்றுமில்லை. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தொடையளவு தண்ணீரில் ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான். என்னைவிட ஒரு பிடி உயரம். யார், என்ன என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

"எறங்குப்பா. அடில சிப்பி கீது, கால தூக்கி வெக்காத. தேச்சிகினே வா."

பெட்டி கரைக்குப் போய்விட்டது. பெட்டியை விட்டுவிட்டு ஆள் மட்டும் திரும்பினால் நைனா வாசலிலேயே நிறுத்தி வைப்பார். இறங்கினேன்.

அவன் பெயர் துளசிங்கம், கடலோரக் குப்பத்துக்காரன். நடையைப் பார்த்தாலே பழைய மாணவன் என்று தெரிந்தது. அண்ணே என்று கூப்பிட்டேன். அவனும் வேண்டாமென்று சொல்லவில்லை.

நீள வீட்டின் முதல் கதவைத் திறந்தான். உள்ளே இருந்த ஆடுகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. மெதுவாகச் சாத்தினான். இரண்டாவதில் கூரைவரை துணி மூட்டைகள்.

"எல்லா கதவையும் ஒருவாட்டி பாத்து வெச்சிக்கணும்" என்றான்.

மூன்றாவது கதவுக்குப் பின்னால் பாய்கள் இருந்தன. சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஏரிக்காற்று நேராக வந்து விழும் ஜன்னல் ஓரத்தில் என் பெட்டியை வைத்தான். மடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். வறுத்த மடவை மீன், மொறுமொறுப்புக்கூடப் போகவில்லை.

கண்டவர் கையில் வாங்கித் தின்னாதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். என் பசிக்கு அது காதில் விழவில்லை.

வெளியே படகுச் சத்தம் கேட்டால் போதும், துளசிங்கம் ஓடிவிடுவான். திரும்பும்போது தலையில் ஒரு பெட்டியும் பின்னால் பயந்த முகம் ஒன்றும் இருக்கும். தேசப்பன் என்பவன் அழுதுகொண்டே வந்தான். அவன் கையிலும் ஒரு மடவை வந்தது. அழுகையை விட்டுவிட்டு முள் எடுக்க வேண்டியதாயிற்று அவனுக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோதண்டம் மாமாவின் ஞாபகமும் வந்தது. காற்று இன்னும் திரும்பவில்லை.

வாத்தியார் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று துளசிங்கம் சொல்லிக்கொடுத்தான். உலாந்தா பாஷை வணக்கம். 'ஹுடமார்கன்'. நாக்கு சுளுக்கும்வரை சொல்லிப் பார்த்தோம்.

சூரியன் ஏரிக்குள் இறங்கும் நேரத்தில் சந்தியாகு வாத்தியார் வந்தார். நம் ஊர்க்காரர்தான், தொப்பி மட்டும் உலாந்தா. எல்லாரும் எழுந்து ஒரே குரலில் சொன்னோம்.

அவர் எங்களைப் பார்த்தார். ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்தார். பிறகு தொப்பி கீழே விழும்வரை சிரித்தார்.

அது காலை வணக்கமாம்.

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

எல்லாரும் துளசிங்கத்தைப் பார்த்தோம்.

"நாங்க கோட்டைக்கு மீன் குடுக்கறது விடியக்காலைல, ஐயா. அப்ப சிப்பாய்ங்க அதான் சொல்வாங்க. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

வாத்தியார் சிரிப்பை நிறுத்தினார். பழைய மாணவர்களை எல்லாம் கும்பினிக் கப்பலுக்கு வேலைக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். புதுப் பையன்களை வரவேற்க ஒரு ஆள்கூட இல்லையே என்று தவித்துக்கொண்டேதான் அவரும் ஓடி வந்திருக்கிறார்.

"அப்ப நீ?"

"நானும் இன்னிக்குத்தான் சேர வந்தேன், ஐயா. இவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி." துளசிங்கம் முதல்முறையாகக் கூச்சப்பட்டான். "எங்க குப்பத்துல மொதல்ல கரையேறுனவன் வூட்டுக்குப் போவ மாட்டான். பின்னால வர கட்டுமரத்த இழுத்து வுட்டுட்டுத்தான் போவான்."

காலியான இலைப் பொட்டலத்தைப் பார்த்தேன். அவன் அம்மா அவனுக்காக அன்று காலை வறுத்துக் கொடுத்ததாகத்தான் இருக்கும். அதில் ஒரு துண்டைக்கூட அவன் தின்னவில்லை.

வெளியே கோதண்டம் மாமாவின் குரல் கேட்டது. காற்று திரும்பிவிட்டது, வருகிறாயா இல்லையா என்றார்.

கரைக்கு ஓடினேன். அவர் படகுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு படகு வந்து நின்றிருந்தது. அதில் ஒரு பையன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"பொட்டி எறக்கியாச்சுன்னு நைனாகிட்ட சொல்லிடுங்க, மாமா."

வந்தபோது நனைந்த வேட்டி இன்னும் காயவில்லை. அதை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே போய்ப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்தேன்.

"அண்ணே, இங்க எப்படிண்ணே?" என்றான் அவன்.

"நம்முது மூணாவது கதவு" என்றேன். "மொத கதவத் தொறக்காத. ஆடு கீது."