காற்றுத்துளையில் பிறை

"மைனி, உங்க ரூம்லேருந்து பிறை தெரியுதா?" கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான் கொழுந்தன் இத்ரீஸ். "மாடியில எல்லாரும் கழுத்து ஒடிய நிக்கிறோம். ஒரே மேகம்."

சபுராம்மாள் இத்தா என்ற துக்கத் தனிமையில் இருக்கும் அறை அது. புருஷன் மவுத்தாகி நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை அவளை வீட்டைவிட்டுப் போ என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் முதியோர் இல்லம் என்று பேசி முடித்துவிட்டார்கள். இன்றைக்கு ரமலான் பிறை தெரிந்தால் நாலு மாதம் சரி. மிச்சம் பத்தே நாள்.

"வருஷா வருஷம் ஊருக்கே மொதல்ல பார்க்கிறது லாத்தாதானே!" மாடிப்படியிலிருந்து சிரித்தாள் இத்ரீஸின் பெண்டாட்டி ஹமீதா. அக்கா முறையான சபுராம்மாள் அவளுக்கு லாத்தா.

மேற்குச் சுவரின் காற்றுத்துளையில், மேகம் பிளந்த இடத்தில், நகக்கீறல்போல அது நின்றது. மறைகிறவரைக்கும் சபுராம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேகந்தான் தெரியுது, தம்பி."

"சரி, அப்ப இல்லத்துக்குப் போற காரை ஒரு நாள் தள்ளி வரச் சொல்லிடுறேன்."

மறுநாள் ஊரில் யாருக்கும் நோன்பு இல்லை. மதியம் ஹமீதா சோற்றுத் தட்டோடு வந்தாள். காலையில் வைத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது.

"என்ன லாத்தா, பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலையா?"

பிறையைக் கண்ணால் கண்டவளுக்கு நோன்பு கடமை. அதை மட்டும் சபுராம்மாளால் விட முடியவில்லை.

"வச்சுட்டுப் போம்மா. பொழுது சாய்ஞ்சு மஃரிபுக்கு அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்."

ஹமீதா தட்டைக் கீழே வைக்கவில்லை. அண்ணாந்து காற்றுத்துளையைப் பார்த்தாள்.