சிம்சோனுக்கு எட்டடி

"ஆகல்ல சார், ஆவாது. இந்த நாலடி தொட்டிய இன்னும் ஒரு மாசம் ஓட்டினீங்கன்னா மீன் செத்துப்பூடும்" என்றான் மஞ்சுநாத், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

பங்காருபேட்டையில் கடல் மீன், கண்ணாடித் தொட்டி, அதற்கான உப்பு எல்லாம் விற்கிறவன் அவன். கோரமண்டலில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான ஜெயகரன் வீட்டுக்கு அளவெடுக்க வந்திருந்தான். தொட்டிக்குள் சிம்சோன் திரும்ப முயன்றது. வாலை ஒரு கண்ணாடியில் இடித்தது, மூக்கை எதிர்க் கண்ணாடியில் இடித்தது, பிறகு எல்லாரையும் முறைத்தது. வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு வைத்த களவா மீன் அது.

ஜெயகரன் தொட்டியை ஒட்டி வந்து நின்றார். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற மனுஷன், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கூப்பிடுவது பெண்டாட்டியை இல்லை, சிம்சோனைத்தான்.

"அப்போ இன்னா சைஸ் வோணும்?"

"எட்டடி நீளம், மூணடி அகலம். இன்னும் வளரும் சார், ரெண்டடி வரைக்கும் போவும். மீனோட நீளத்தவிட தொட்டி அகலம் ஜாஸ்தி இருந்தாத்தான் இடிச்சிக்காம திரும்பும். தண்ணி கம்மியா இருந்தா சீக்கிரம் கெட்டுப்பூடும்."

"எட்டடியா!"

ஜெயகரன் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? ஹாலே பத்தடி. கட்டில், பீரோ, தையல் மெஷின், தொட்டி போக மிச்சமிருந்த இடத்தில்தான் மூன்று பேர் வாழ்ந்தார்கள். மகள் ஸ்வீட்டி பி.யு.சி. புத்தகத்தோடு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா குழம்புச் சட்டியோடு வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொள்வாள்.

"கட்டில வெளிய போட்டுட்டா?"

"நான் எங்க படுக்கறது? தொட்டிக்குள்ளயா?" என்றாள் அவர் பெண்டாட்டி ஐடா, அடுப்படியிலிருந்து.

"கட்டில எடுத்தாலும் தொட்டிய இந்த வாசல்ல திருப்ப முடியாது சார். தண்ணியோட ரெண்டு டன் வரும். கீழ சுரங்கம் வேற ஓடுது" என்றான் மஞ்சுநாத்.

பொண்ணு படிக்க ஒரு ரூம் வேணும், வேறு வீட்டுக்குப் போகலாம் என்று ஐடா வருஷக்கணக்காகக் கெஞ்சியாகிவிட்டது, அழுதாகிவிட்டது, பேசாமல் இருந்தும் பார்த்தாகிவிட்டது. "எங்கப்பா ஷிப்ட் முடிச்சி வந்து ஒக்காந்த வீடு இது. நான் எங்கியும் வர மாட்டேன்" என்பார் ஜெயகரன். அதோடு பேச்சு முடிந்துவிடும். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

ஐடா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இடமில்லன்னா இன்னா பண்றது? யாருக்காச்சும் குடுத்துடலாம். ஏனோக் அண்ணன் வீட்டு ஹால் எம்மாம் பெருசு! அங்க ஜம்முனு இருக்கும்."

தொலைந்தது. ஜெயகரனின் மீசை துடித்தது.

ஏனோக்கும் ஜெயகரன் போகிற அதே சர்ச் சபைதான். பாடகர் குழுவில் ஒரே பெஞ்சு. ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலம் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஆகாது. காணிக்கையாக வந்த கோழி, பூசணிக்காய், கேக் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். யார் வைத்த காணிக்கை என்று சொல்லமாட்டார்கள். ஏனோக் கையைத் தூக்கினால் ஜெயகரன் ரெண்டு கையையும் தூக்குவார். வீட்டில் யாரும் தொடாத பாகற்காயைக்கூட அப்படித்தான் ஒரு கூடை தூக்கிக்கொண்டு வந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ஜாடியில் கட்டைவிரல் அளவு சிம்சோன் ஏலத்துக்கு வந்தபோதும் அதே கதை. ஏனோக் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். சபையே கை தட்டியது.

"அவன்கிட்டயா?" என்று கத்தினார் ஜெயகரன். "சபை முன்னாடி அவன ஜெயிச்சி கொண்டாந்த மீன், அவன் வூட்டு ஹால்ல நீந்தணுமா? வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டுவான்டி! செத்தாலும் குடுக்க மாட்டேன்!"

"அப்போ சிம்சோன் சாவட்டும்ன்றீங்க."

ஜெயகரன் தொட்டியைப் பார்த்தார். மீன் மறுபடி மூக்கை இடித்துக்கொண்டது.

"பங்காருபேட்டை ரோட்டுல ஒரு வீடுன்னு சொன்னியே... ஹால் இன்னா நீளம்?"

"பதினாறு அடி" என்றாள் ஐடா, யோசிக்காமல்.

"ரூம்?"

"ரெண்டு. அத விடுங்க, நீங்க ஹாலத்தான கேட்டீங்க."

"அந்தப் பக்கம்லாம் புது வீடு சார், தரை கெட்டியா இருக்கும்" என்றான் மஞ்சுநாத்.

ஜெயகரன் சட்டையை மாட்டினார். "இந்த வீட்ட பூட்டி சாவிய நானே வச்சிக்குவேன். ஞாயித்துக்கிழமை கோவில் முடிஞ்சி இங்க வந்து ஒக்காருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தாராளமா ஒக்காருங்க."

"தம்பி, எட்டடி வாணா, ஒம்போது அடி போடு! ஏனோக் பாத்து வயிறு எரியணும்!" என்று சொல்லிக்கொண்டே பைக்கைக் கிளப்பினார், அந்த வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசி முடிக்க.

ஸ்வீட்டி புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ம்மா, எனக்கு ரூம்!"

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. மஞ்சுநாத் சிரித்தான். "அன்னிக்கி கடைக்கு வந்து, 'இருக்கறதுலயே பெருசா வளர்ற மீனோட குட்டி ஒண்ணு குடு'ன்னு கேட்டீங்களே அக்கா, எதுக்குன்னு இப்பத்தான் புரியுது."

ஐடா அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூவினாள்: "ஏனோக் அண்ணே, வூடு மாத்தறோம்! நான் சொன்ன மாதிரி ஏலத்துல நீங்க கைய தூக்கலன்னா, நான் காணிக்கை வச்ச மீன இவரு திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டாரு!"