லிஃப்டுக்குள் செண்பகவல்லி

அந்த மருத்துவமனையில் சோலாரும் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஒரே லைனில் இணைந்திருந்தன. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றதும் பொறியாளர் பெர்பெத்துவா மின்சாரம் தரும் பக்கத்தின் மின்மறுப்பையும் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) இழுக்கும் பக்கத்தின் மின்மறுப்பையும் அளந்தாள். தரும் பக்கத்து எண் மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன; சுமை சற்றுக் கூடினாலும் லைன் தாங்காது. லிஃப்ட் அசைந்தால் கட்டடமே அணைந்துவிடலாம்.

உள்ளே சிக்கியிருந்த செண்பகவல்லி இன்டர்காமில் கேட்டாள்: "மேல எங்க வீட்டுக்காரருக்கு வென்டிலேட்டர் ஓடுதே, அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"லிஃப்டை ஓட்டினா அது நின்னுடலாம்மா. வேற ஜெனரேட்டர் வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

செண்பகவல்லி தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஓட்ட வேணாம். இங்க ஒரு ஃபேன் சுத்துது. அதுவும் அதே லைன்தானா?"

பெர்பெத்துவா தயங்கி, "ஆமா" என்றாள்.

"அதையும் நிறுத்திடுங்க."